வாடகைக்குப் போன பெயர்

என் மனைவி சரிதாவுக்குப் புதுச்சேரி முழுக்க வீடுகள் இருக்கின்றன என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஒரு தனி மரியாதையோடு பார்ப்பார்கள். அடுத்த வாக்கியத்திலேயே அந்த மரியாதை போய்விடும். ஒரு வீட்டுக்கும் செங்கல் கிடையாது, பட்டா கிடையாது, வீட்டு வரி கிடையாது. எல்லாம் இணையதளங்கள். மூலக்குளத்தில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் அவற்றைக் கட்டுகிறாள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விடுகிற ஒரே ஆள் நீதான் என்று நான் கிண்டல் செய்வேன். "உங்க கம்பெனி போனசை விட என் வீடுங்க ஒழுங்கா குடுக்குதுங்க" என்பாள். நான் மேட்டுப்பாளையம் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பெயர் தணிகாசலம். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

அவள் தொழில் இப்படி. வில்லியனூர் ரோட்டில் ஒருவர் வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பிவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் தேடுகிறார். முதலில் வந்து நிற்பது சரிதா கட்டிய தளம். அதில் இருக்கும் போன் நம்பர் அவளுடையது. ஆனால் அந்த நம்பரை அடித்தால் மணி ஒலிப்பது அவளிடம் அல்ல. அந்தத் தளத்தை மாத வாடகைக்கு எடுத்திருக்கும் லாரிக்காரரிடம். லாரிக்காரர் விலகிக்கொண்டால் அதே நம்பரை இன்னொரு லாரிக்காரர் பக்கம் திருப்பிவிடுவாள். கூப்பிடுகிறவருக்கு ஆள் மாறியதே தெரியாது. அவருக்குத் தொட்டி காலியானால் சரி.

இதில் ஒரு விதி உண்டு. குடியிருப்பவரின் பெயரை வாசலில் எழுதக் கூடாது. ஊர்ப் பெயர், வேலையின் பெயர், அவ்வளவுதான். ஆள் போனாலும் பலகை அப்படியே இருக்க வேண்டும். சரிதா கறாரானவள். எல்லாத் தளங்களிலும் இந்த விதியைக் காப்பாற்றினாள். செம்மல் விஷயத்தில் மட்டும் மீறினாள்.

செம்மலை அவளுக்கு அறிமுகப்படுத்தியவன் நான்தான். எங்கள் மேனேஜர் அறை ஏசி குளிரவில்லை என்று யாரோ சொல்லி வந்தான். கனகசெட்டிக்குளத்துக்காரன். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் ஐடிஐ படித்து ஏசி பக்கம் வந்துவிட்டான். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினான், பார்த்தான், இறங்கினான். "கேஸ் எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க. பில்டர் அடைச்சிருக்குது, கழுவினாப் போதும்" என்றான். எங்கள் மேனேஜர் அதுவரை மூன்று பேருக்கு கேஸ் காசு கொடுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆனந்தம். போகும்போது ஏணி வைத்த இடத்தைத் தன் துணியாலேயே துடைத்துவிட்டுப் போனான். அன்றைக்கே சரிதாவின் நம்பரைக் கொடுத்தேன். அவளுடைய ஏசி தளம் அப்போது ஆளில்லாமல் கிடந்தது.

ஒவ்வொரு தளத்துக்கும் துணையாக மேப்பில் ஒரு பக்கம் உண்டு. வேலை முடிந்தவர்கள் அங்கே நட்சத்திரம் போடலாம், நாலு வரி எழுதலாம். மற்ற தளங்களில் யாரும் லேசில் எழுதமாட்டார்கள். சரிதா கெஞ்சிக் கூத்தாடி எழுத வைப்பாள். செம்மல் போன வீடுகளில் மட்டும் கேட்காமலே எழுதினார்கள். 'செம்மல் தம்பி வந்தார், பொய் சொல்லவில்லை' என்று ஒருவர். 'அம்மா தனியாக இருக்கும் வீடு, பயமில்லாமல் அனுப்பலாம்' என்று வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண். 'செம்மல் அண்ணா எங்கள் நாய்க்கும் பிஸ்கட் போட்டார்' என்று யாரோ ஒரு சின்னப் பிள்ளை. கூப்பிடுகிறவர்களே "செம்மல்தான வருவாரு? வேற ஆள் வேணாம்" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் சரிதா அந்தப் பக்கத்தின் பெயரை 'செம்மல் ஏசி சர்வீஸ்' என்று மாற்றிவிட்டாள்.

"உன் சட்டத்தை நீயே மீறலாமா?" என்றேன்.

"நான் எங்க மீறினேன்? ஊரே அவன் பேரைச் சொல்லித்தான் தேடுது. நான் எழுதாம போனா எனக்குத்தான் நட்டம்" என்றாள். தொழில் கணக்கு போலச் சொன்னாளே தவிர, அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது, அதுதான் காரணம். தம்பி இல்லாதவள்.

செம்மலின் மனைவி மேனகா பிளஸ் டூ படித்தவள். ஜனங்கள் எழுதுவதற்குப் பதில் போடும் வேலையைச் சரிதா அவளிடம் கொடுத்தாள். அவள் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பதில் எழுதும்படி செய்துவைத்தாள். யாராவது எழுதினால் மேனகாவின் போனில் டிங் என்று சத்தம் வரும். 'ரொம்ப நன்றிங்க. அவர்கிட்ட சொன்னேன். சந்தோஷப்பட்டார்' என்று எழுதுவாள். கம்பெனிக்காரர்கள் எழுதுகிற பதில் அல்ல அது. சரிதா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். ராத்திரி அவன் சாப்பிடும்போது அன்றைக்கு வந்ததை மேனகா படித்துக் காட்டுவாளாம். "நான் காதுல வாங்காத மாதிரியே துன்னுக்கிட்டு இருப்பேண்ணா. ஆனா அன்னிக்கு ரெண்டு கவளம் சேத்துப் போவும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

போன சித்திரையில் அவன் செத்துப்போனான். மூன்றாவது மாடியில் வெளியே மாட்டியிருந்த யூனிட்டைக் கழற்ற சன்ஷேடில் இறங்கியிருக்கிறான். கடல் காற்று பட்டுப் பட்டு உள்ளே கம்பி இற்றுப்போன சன்ஷேடு. அது பெயர்ந்து அவனோடு கீழே வந்தது. அந்த வேலையும் சரிதாவின் நம்பருக்கு வந்த அழைப்புதான். இதை யாரும் அவளிடம் குற்றமாகச் சொல்லவில்லை. அவளே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அடுப்படியில் பாதி வேலையில் நின்றுவிடுவாள்.

கனகசெட்டிக்குளத்தில் அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நாங்கள் போனபோது உடலைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். அவன் போன், கருவிப் பையில் இருந்ததால் கீறல்கூட இல்லாமல் தப்பித்திருந்தது. அது ஒலித்துக்கொண்டே இருந்தது. சித்திரை வெயில், ஊரெல்லாம் ஏசி கோளாறு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனகா அதை எடுத்தாள்.

"அவரு இல்லீங்க."

எதிர்முனையில் யாரோ ஒரு பெண். சத்தமாகப் பேசியதால் எங்களுக்கும் கேட்டது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கட்டில் எல்லாம் நனைகிறதாம். "எப்ப வருவாரு, அதைச் சொல்லும்மா முதல்ல!"

மேனகா செம்மலைப் பார்த்தாள். "தெரியிலீங்க" என்றாள்.

சரிதா எழுந்து வெளியே ஓடினாள். மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்குப் பின்னால் நின்று, தன் போனில் அந்த நம்பரை நிறுத்தினாள். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு எதற்கும் சட்டென்று அழுகை வராது.

காரியம் முடிந்து சில நாட்களில், அந்தத் தளத்தை வாடகைக்குக் கேட்டு அரிகிருஷ்ணன் என்பவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ரெட்டியார்பாளையத்தில் ஏசி கடை, கீழே நாலு பையன்கள், கழுத்தில் ஒரு சங்கிலி. எனக்கு அந்தச் சங்கிலியைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. ஆனால் என் மாமனார் காலத்திலிருந்தே நான் சங்கிலி போட்ட ஆண்களை நம்புவதில்லை, அதனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

"பேரை மட்டும் மாத்தாதீங்க மேடம்" என்றான். "சைட்டு இன்னா, யார் வேணா கட்டலாம். அந்தப் பேருக்குத்தான் நான் வரேன்."

சரிதா உடனே சரி சொல்லவில்லை. அது மேனகாவின் பொருள், அவளைக் கேட்காமல் செய்யமாட்டேன் என்றாள். அரிகிருஷ்ணனையும் அழைத்துக்கொண்டு நாங்கள் கனகசெட்டிக்குளம் போனோம். சரிதா விஷயத்தைச் சொன்னாள். பெயர் அப்படியே இருக்கும், வேலையை இவர்கள் பார்ப்பார்கள், வருகிற வாடகையில் பாதி உனக்கு, வேண்டாமென்றால் இன்றைக்கே மூடிவிடுகிறேன்.

மேனகா அரிகிருஷ்ணனைத்தான் கேட்டாள். "நல்லா செய்வீங்களா?"

"செம்மல் அண்ணன் பேரை நான் காப்பாத்துறேன் தங்கச்சி" என்றான் அவன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"மூட வேணாங்க்கா. அவரு பேரு ஓடட்டும்" என்றாள் மேனகா. அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அவன் போன பிறகு அதுதான் முதல் தடவை. அவர்கள் மகள் கவிநிலா அப்போது ஒன்றாம் வகுப்பு. "அப்பா கடை இருக்குதாம்மா?" என்று கேட்டது. "இருக்குது" என்றாள் மேனகா.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கூப்பிட்டவர்கள் திருப்தியாக இருந்தார்கள், டிங் என்று சத்தம் வந்தது, மேனகா நன்றி எழுதினாள். 'அவர்கிட்ட சொன்னேன்' என்பதை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு அரிகிருஷ்ணனின் பையன்கள் தங்கள் வேலையைக் காட்ட ஆரம்பித்தார்கள். குறையாத கேஸை நிரப்பினார்கள். நல்ல பாகத்தைக் கழற்றிப் பழையதை மாட்டினார்கள். சரிசெய்து தருகிறோம் என்று தூக்கிக்கொண்டு போன சர்க்யூட் போர்டு திரும்பி வரவில்லை. இதையெல்லாம் செய்யும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இவர்கள் வாசலில் நின்றபோது வீட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். "நீங்கதான் செம்மலா?" ஆமாம் என்று சொல்லும்படி அரிகிருஷ்ணன் பையன்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான்.

'செம்மல் பெரிய ஏமாற்றுக்காரன்' என்று ஒருவர் எழுதினார். 'கூப்பிட்டால் எடுக்கமாட்டான் இந்தச் செம்மல், பழைய ரிவ்யூவைப் பார்த்து ஏமாறாதீர்கள்' என்று இன்னொருவர். மேனகா பயந்துபோய் 'மன்னிச்சிடுங்க, சரி பண்ணித் தரச் சொல்றேன்' என்று பதில் எழுதிவிட்டு அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். பார்த்துக்கொள்கிறேன் தங்கச்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். சரிதாவும் கூப்பிட்டுத் திட்டினாள். சீசனில் இப்படித்தான் நாலு பேர் கத்துவார்கள் என்று சிரித்தான். அவளுக்கு அப்போது இரண்டு புதுத் தளங்களின் வேலை. அத்தோடு விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேனகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கவிநிலாவையும் கூட்டிவந்திருந்தாள். சாப்பிடச் சொன்னோம், உட்காரக்கூட இல்லை. போனை நீட்டினாள்.

'செம்மல் என்பவன் என் வீட்டுக்கு வந்து நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். வயதானவனை ஏமாற்றிய இவன் விளங்கமாட்டான். இவன் குடும்பம் நாசமாய்ப் போகும். தெய்வசிகாமணி, முத்தியால்பேட்டை.'

"நேத்து இவளையும் கூட்டிக்கிட்டு அவரு வூட்டுக்குப் போனேங்க்கா" என்றாள் மேனகா. அவர் பெயரைச் சொல்லித் தெருத் தெருவாக விசாரித்திருக்கிறாள். தெய்வசிகாமணி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளைகள் எல்லாம் பாரிஸில், மனிதர் தனியாக இருக்கிறார்.

"இன்னா சொன்னாரு?" என்றேன்.

"நான் செம்மல் சம்சாரங்க, அவரு செத்து இத்தினி மாசம் ஆவுது, அவரு உங்க வூட்டுக்கு வரலீங்க, அதை மட்டும் எடுத்துடுங்கன்னு கேட்டேண்ணா." மேனகா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். "அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. செத்துட்டானா, போன வாரம்தானம்மா வந்தான், என் கையால மோர் குடுத்தேன், குடிச்சான்னாரு."

சரிதா ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஒரு நிமிசம் எனக்கு…" என்றாள் மேனகா. "பொய்யின்னு தெரியுது. யாரு வந்திருப்பான்னு தெரியுது. ஆனா போன வாரம் வந்தாரு, மோர் குடிச்சாருன்னு ஒருத்தர் சொல்றாருக்கா. எந்த வழியாப் போனாருன்னு கேட்டுட்டேன் அவரை. பைத்தியக்காரி மாதிரி கேட்டுட்டேன்."

அவர் அவளை நடிக்கிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

எத்தனை துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன். செத்தவனுக்கு எந்த எதிரியும் இப்படி ஒரு கொடுமை செய்து பார்த்ததில்லை. செய்தவர் பாவம், அவரும் ஏமாந்தவர்.

சரிதா அங்கேயே அரிகிருஷ்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். இந்த நிமிடத்தோடு நீ வெளியே போ என்றாள். அவனும் விடவில்லை. "இன்னா மேடம் இது? நான் வாடகைக்கு எடுத்தது சைட்டு இல்ல, பேரு. பேரைச் சொல்லித்தான குடுத்தீங்க. அந்தப் பொண்ணும் சம்மதிச்சிதுல்ல? கேட்டா செம்மல்னு சொல்லாம வேற இன்னா சொல்றது?"

போனைப் பிடுங்கி நான் அவனை நாலு வார்த்தை கேட்டேன். எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றும்போது பயன்படுகிற வார்த்தைகள். கவிநிலா இருந்ததால் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவன் மேல் என் கோபம் தீரவில்லை என்றாலும், பெயரைச் சொல்லித்தான் கொடுத்தோம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. மேனகா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"அழிச்சிடுங்க்கா" என்றாள். "திட்டினதை எல்லாம் அழிச்சிடுங்க."

சரிதா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். அடுத்தவர் எழுதியதை நாம் அழிக்க முடியாது. எழுதினவர்தான் அழிக்க வேண்டும். பக்கத்தின் பெயரை மாற்றலாம். ஆனால் எழுதினவர்கள் எல்லோரும் செம்மல் செம்மல் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அது அப்படியே நிற்கும். அவர் இல்லை என்று கீழே பதில் எழுதலாம்.

"எழுதினேங்க்கா. ஒருத்தர் கிட்ட எழுதினேன். நல்ல நாடகம்னு திருப்பிப் போட்டாரு."

"அப்ப ஒண்ணுதான் இருக்குது. மொத்தப் பக்கத்தையும் எடுத்துடலாம். எடுத்தா நல்லதும் போயிடும் மேனகா. அவரை வாழ்த்தி எழுதினது எல்லாமே போயிடும். ஒண்ணுகூட மிஞ்சாது."

எனக்கு அது சம்மதமில்லை. நூற்றுக்கணக்கான பேர் நல்லது எழுதியிருக்கிறார்கள், பத்துப் பேர் திட்டியதற்காக அத்தனையையும் எரிப்பார்களா என்று கேட்டேன். அத்தனையையும் போட்டோ பிடித்துத் தருகிறேன், உன் போனில் இருக்கட்டும் என்று சரிதாவும் சொன்னாள். அவளிடம் இருந்ததிலேயே நன்றாக ஓடிய தளம் அதுதான். அந்த நினைப்பு அவள் மனதில் இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் அன்று அவள் பேச்சில் அது இல்லை.

மேனகா மகளைப் பார்த்தாள். கவிநிலா கீழே உட்கார்ந்து எங்கள் வீட்டு கேலண்டரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது.

"இவ இப்பத்தான் படிக்கக் கத்துக்கிட்டாக்கா. போனை எடுத்து அப்பா பேரை அடிக்கிறா. மொதல்ல வந்து நிக்கிறது புதுசா எழுதினதுதான? நேத்து கேக்குறா, நாசமாய்ப் போகும்னா இன்னாம்மான்னு." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "நல்லது எழுதினவங்க எழுதிட்டுப் போயிட்டாங்க. திட்டுறவங்கதான் தெனமும் வர்றாங்க. இன்னும் எத்தினி பேரு வருவாங்களோ. எல்லாம் போனாப் பரவால்ல. அவரை யாரும் திட்டக் கூடாது, அவ்ளோதான். எடுத்துடுங்க."

சரிதா மடிக்கணினியைத் திறந்தாள். ஏன் எடுக்கிறீர்கள் என்று அது காரணம் கேட்டது. நிரந்தரமாக மூடப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. சரிதா மேனகாவைப் பார்த்தாள். மேனகா தலையாட்டினாள். சரிதா அழுத்தினாள். முழுதும் மறைய இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை தெரிந்தாலும் பார்க்காதே என்று சொல்லி, அவர்கள் இருவருக்கும் சோறு போட்டு அனுப்பினாள். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். கவிநிலா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைப் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தது. எழுத்துக் கூடினால் போதும், அந்தப் பிள்ளைக்கு எதுவும் சந்தோஷம்தான்.

புதன்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது சரிதாவின் போன் அடித்தது. மேனகா. அவள் போட்ட சத்தம் எனக்குக் கதவருகே கேட்டது. "நிறுத்துங்க்கா! அக்கா, அதை எடுக்காதீங்க, நிறுத்துங்க!"

அவள் காலாப்பட்டில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ்ஸில் டிங் என்று சத்தம் வந்திருக்கிறது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்திருக்கிறாள். கை கேட்கவில்லை, திறந்துவிட்டாள். தெய்வசிகாமணி தாம் முன்பு எழுதியதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எழுதியிருந்தார். மேனகா அதைத் திரும்பத் திரும்பப் படித்ததில் மனப்பாடமாகிவிட்டது. போனில் சரிதாவுக்கு ஒப்பித்தாள்.

'நான் முன்பு எழுதியது தவறு. என் வீட்டுக்கு வந்து ஏமாற்றியவன் செம்மல் அல்ல. அதற்குப் பல மாதம் முன்பே செம்மல் காலமாகிவிட்டார். அவர் மனைவி குழந்தையோடு வந்து சொன்னபோது நான் நம்பாமல் கதவைச் சாத்தினேன். பிறகு, செம்மல் முன்பு வேலை பார்த்த எதிர்வீட்டில் விசாரித்தேன். அவர்கள் கண்ணீர் அஞ்சலிப் படத்தைக் காட்டினார்கள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் ஒரு பைசா அதிகமாகக் கேட்காத மனிதர் என்றார்கள். இறந்தவரைச் சபித்த என்னை அவர் குடும்பம் மன்னிக்க வேண்டும். இங்கே அவரைத் திட்டி எழுதியிருக்கும் மற்றவர்களும் விசாரித்து மாற்றி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"அவரு சொன்னா மத்தவங்களும் மாத்துவாங்கல்ல அக்கா? இருக்கட்டும்க்கா, இருந்துட்டுப் போவட்டும்."

சரிதா பேசிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னால் போய் நின்றேன். அவள் எங்கெங்கோ போய் அழுத்தினாள். செம்மல் ஏசி சர்வீஸ் என்று தேடினாள். வேறு ஊரில் வேறு யார் யாருடைய கடைகளோ வந்தன. மறுபடியும் தேடினாள். புதுச்சேரி என்று சேர்த்துத் தேடினாள்.

"மேனகா, உன் போன்ல தெரியுதா பாரு" என்றாள்.

பஸ் சத்தத்துக்கு நடுவே அவள் போனைத் தட்டுவது கேட்டது.

"இப்பத்தான இருந்துச்சு" என்றாள் மேனகா. "இப்பத்தாங்க்கா படிச்சேன்."

அன்றைக்கு முழுவதும் சரிதா முயன்றாள். யார் யாருக்கோ எழுதினாள், தொழிலில் இருக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டாள். போனது போனதுதான். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னால் ஆன உதவி காபி போட்டுக் கொடுத்ததுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து மேனகா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். சரிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, முடியவில்லை என்று சொல்லி அழுதாள். மேனகா அழவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முத்தியால்பேட்டை ஒன்றும் தூரமில்லை, வண்டி வாசலில் இருக்கிறது, நான் போய் அந்தப் பெரியவரிடம் அதே வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்தோடு வாங்கி வந்துவிடுகிறேன், கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிக்கொள் என்றேன்.

"எனக்கு எதுக்குண்ணா?" என்றாள் மேனகா. "அவரைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஊரு பாக்குற எடத்துலதான அவரைத் திட்டினாங்க. அங்கயே வந்துதான அந்த மனுசன், அவரு நல்லவருன்னு எழுதினாரு. அந்த எடத்தை நானே கேட்டு எடுக்க வெச்சிட்டேனே."